‘ஓம்’ என்றால் என்ன அர்த்தம்? முதல் சமூக ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு

ஆய்வேட்டுக் காலம் தொடங்கினால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் வீட்டுப் படலையை இரண்டு மூன்று பிள்ளைகளாவது வந்து தட்டுவார்கள். கையில் முன்மொழிவு இருக்கும். அதில் ஏதோவொரு பக்கத்தில் "இவ்வாய்வு முற்றிலும் பக்கச்சார்பற்ற முறையில் மேற்கொள்ளப்படும்" என்ற வரி தவறாமல் இருக்கும். நான் முதலில் கேட்பது, "இந்தத் தலைப்பை ஏன் எடுத்தனீங்கள்?" என்பதைத்தான். கொஞ்ச நேரம் பேச்சு வராது. பிறகு வரும். ஒருவரின் அம்மா நுண்கடன் எடுத்துவிட்டு, கிழமைக்கு ஒருக்கால் வரும் லோன்காரருக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தவர். இன்னொருவரின் அப்பா 1990இல் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டு, சொந்தக் காணியைப் பார்க்காமலே செத்துப்போனவர். மற்றவரின் பெரியம்மாவின் மகன் இன்னும் வீடு திரும்பவில்லை.

இவ்வளவு கனத்தை நெஞ்சில் வைத்திருப்பவர் பக்கச்சார்பற்ற ஆய்வு என்று எழுதும்போது, அந்தக் கனம் எங்கேயும் போய்விடுவதில்லை. கேள்வியிலும், சொல்லிலும், எதைக் குறித்துக்கொண்டோம் எதை விட்டோம் என்பதிலும் போய் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்திருப்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. அதனால் நான் சொல்லிக்கொடுப்பது வேறு: உங்கள் விழுமியத்தை வெளியே எடுத்து வையுங்கள், அதற்குரிய இடத்தைக் கொடுங்கள், விடையைத் தீர்மானிக்கும் வேலையை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள்.

இரண்டு சொற்களைத் தெளிவாக்கிவிடுகிறேன். எது நல்லது, எது முக்கியம், எது அநியாயம் என்று நாம் கொண்டிருக்கும் பிடிமானம் விழுமியம். ஒருவர் சொன்னதற்கும் செய்ததற்கும் அவருடைய உலகத்தில் என்ன பொருள் என்று விளங்கிக்கொள்வது பொருள்கோடல். கல்லுக்கும் மழைக்கும் தங்களைப் பற்றி எந்த எண்ணமும் கிடையாது. மனிதருக்கு உண்டு. நீங்கள் போய் விளங்கப்படுத்துவதற்கு முன்பே அவர்கள் தங்கள் வாழ்க்கைக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். சமூக ஆய்வின் கஷ்டமும் ருசியும் இங்கேதான் தொடங்குகின்றன.

முதலாவது படி: ஒரு பக்கம் எழுதுங்கள், யாருக்கும் காட்டவேண்டாம்

வினாக்கொத்து தயாரிக்க முதல், ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று விசயங்களை எழுதுங்கள். இந்தத் தலைப்பு ஏன் என்னை இழுத்தது? என்ன முடிவு வந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும்? என்ன முடிவு வந்தால் அதை எழுதக் கை கூசும்?

ஜேர்மானியச் சமூகவியலாளர் மக்ஸ் வெபர் 1904இல் எழுதிய கட்டுரையொன்றில் இதற்கான அத்திவாரத்தைப் போட்டார். உலகத்தில் நடப்பவை கணக்கற்றவை. அவற்றில் எதை ஆராய்வது என்று தெரிவு செய்வதே நமக்கு எது முக்கியம் என்ற விழுமியத்தால்தான். அது இல்லாமல் ஆய்வே தொடங்காது. ஆனால் தெரிவு செய்த பிறகு, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கண்டுபிடிக்கும்போது அதே விழுமியம் தராசில் கை வைக்கக் கூடாது. 1917இல் மியூனிக்கில் ஆற்றிய உரையில் இன்னொன்றும் சொன்னார்: தங்கள் கட்சிக்கு வசதிப்படாத உண்மைகளை ஏற்றுக்கொள்ள மாணவரைப் பழக்குவதுதான் ஆசிரியரின் முதல் வேலை. மூன்றாவது கேள்வியை நான் எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

நுண்கடனைத் தலைப்பாக எடுத்த பிள்ளை தன் கொப்பியில் எழுதியது இது: "கடனால் கடை போட்டு நிமிர்ந்த பெண்கள் இருந்தால் எனக்குக் கோபம் வரும்." நேர்மையான வரி. களத்துக்குப் போனபோது அப்படி இருவரைச் சந்தித்தார். அந்த வரியை எழுதியிராவிட்டால், அவர்களை விதிவிலக்கு என்று ஓரத்தில் தள்ளியிருப்பார் என்று அவரே சொன்னார். எழுதியிருந்தபடியால் திரும்பப் போய் ஒவ்வொருவருடனும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கதைத்தார். இருவருக்கும் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்ப ஒரு சகோதரம் இருந்தது. அவர்கள் நிமிர்ந்ததற்குக் கடன் மட்டும் காரணமில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஆய்வேட்டின் மிகச் சிறந்த அத்தியாயம் அந்த இருவரைப் பற்றியது.

இரண்டாவது படி: ‘வேண்டும்’ என்பதைக் கேள்வியிலிருந்து எடுங்கள்

"நுண்கடனைத் தடைசெய்ய வேண்டுமா?" என்பதற்குக் களம் விடை தராது. "இந்தக் கிராமத்தில் கடன் எடுத்தவர்கள் எதற்காக எடுத்தார்கள், தவணை தவறிய மாதம் எதை விற்றார்கள், யாரிடம் கைமாற்று வாங்கினார்கள், எதை அடைவு வைத்தார்கள்?" என்பதற்குத் தரும். தடைசெய்ய வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் கடைசி அத்தியாயத்தில் பரிந்துரையாக, உங்கள் பெயரில், உங்கள் நியாயத்தோடு எழுதுங்கள். கண்டறிந்ததையும் வேண்டுவதையும் ஒரே பந்தியில் குழைக்காதீர்கள். இந்தப் படி இவ்வளவுதான். சொல்லச் சுலபம், ஆனால் ஆய்வேடுகளில் நான் அதிகம் சிவப்புப் பேனை போடுவதும் இந்த இடத்தில்தான்.

மூன்றாவது படி: உங்கள் சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள்

இதில் அவசரப்படக் கூடாது. வினாக்கொத்தில் உள்ள பெயர்ச்சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதே விசயத்துக்கு வேறு யார் வேறு என்ன சொல் பாவிக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

இரண்டு திகதிகளைப் பாருங்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம் மக்களை, இரண்டு மணித்தியால அவகாசத்தில், விடுதலைப் புலிகள் ஊரைவிட்டு அனுப்பினார்கள். 1995 ஒக்டோபர் 30 அன்று, இராணுவம் முன்னேறிக்கொண்டிருக்க, வலிகாமத்து மக்கள் மழைக்குள் செம்மணி வெளியால் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். எங்கள் வீட்டுப் பேச்சில் இரண்டுமே ‘இடம்பெயர்வு’தான். மென்மையான, யார் மீதும் விரல் நீட்டாத சொல். ஆனால் முதலாவதை அந்தச் சொல்லால் குறித்தால், செய்தவர் வசனத்திலிருந்து காணாமல் போய்விடுகிறார். முஸ்லிம் மக்கள் அதை ‘வெளியேற்றம்’ என்கிறார்கள். இந்த இடத்தில் கனமான சொல்தான் துல்லியமான சொல். நடுநிலை என்று நினைத்து மெல்லிய சொல்லை எடுத்தால் நடந்ததையே பிழையாகச் சொன்னதாகிவிடும்.

‘காணாமல் போனோர்’, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்பதும் இப்படியே. தெருவோரம் படத்தோடு இருக்கும் ஒரு தாய்க்கு முன்னால் ‘காணாமல் போன உங்கள் மகன்’ என்று தொடங்கினால், நேர்காணல் அந்த வசனத்திலேயே முடிந்துவிடும். அவர் தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கேயும் தானாகப் போகவில்லை.

‘வறுமை’, ‘வன்முறை’, ‘சுரண்டல்’ போன்ற சொற்களில் விபரிப்பும் தீர்ப்பும் ஒரே நூலில் முறுக்கப்பட்டிருக்கின்றன. பிரித்தெடுத்தால் நூலே இல்லை. அவற்றைத் தவிர்க்கச் சொல்லவில்லை. எந்த அர்த்தத்தில் பாவிக்கிறீர்கள், எதை எண்ணி அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். வறுமைக் கோட்டை ஒரு தொகையாகப் போடலாம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து இல்லாததாகப் போடலாம், சாமத்திய வீட்டுக்குப் போகக் கையில் ஒன்றும் இல்லாமல் ஒதுங்கி நிற்பதாகவும் போடலாம். எந்தக் கோட்டைப் போட்டாலும், மனிதருக்கு எது அவசியம் என்று நீங்கள் தீர்மானித்துத்தான் போடுகிறீர்கள்.

இனிப் பெட்டிகள். யுத்தம் முடிந்து சில வருடங்களில் ஒரு நிறுவனத்துக்காகப் படிவம் நிரப்பும் வேலை செய்தேன். "திருமண நிலை: திருமணமானவர், விதவை, பிரிந்திருப்பவர், திருமணமாகாதவர்." விறாந்தையில் இருந்த அக்காவின் நெற்றியில் பொட்டு இருந்தது. சுவரில் ஒரு ஆணின் படம், மாலை போடாமல். கேள்வியை வாசித்தேன். அவர் பேனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தம்பி, அதிலை எது போட்டாலும் நான் பொய் சொன்ன மாதிரித்தான் இருக்கும்" என்றார். விதவை என்று போட்டால் அவர் கையாலேயே கணவரைக் கொன்றதாகும். திருமணமானவர் என்று போட்டால் உதவித் திட்டத்தில் பெயர் வராது. நான் ‘விதவை’ என்று போட்டேன், அவருக்கு உதவி கிடைக்கட்டும் என்று. நல்ல நோக்கம்தான். ஆனால் அன்று நான் பதிந்தது அவருடைய வாழ்க்கையை அல்ல, என்னுடைய தீர்ப்பை. அந்தப் படிவத்தை நினைக்க எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

அந்த நாலு பெட்டிகளையும் போட்டவர் கெட்டவர் அல்ல. தன் உலகத்தில் உள்ள நிலைகளை எண்ணிப் போட்டார், இந்த நிலை அவர் உலகத்தில் இருக்கவில்லை. 2016இல் இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், இறந்தார் என்று சொல்லாமல் ஆள் இல்லை என்பதை மட்டும் சான்றுபடுத்தும் பத்திரத்துக்கு வழி செய்தது. சட்டமே புதுப் பெட்டி போட வேண்டி வந்தது. உங்கள் வினாக்கொத்தில் ஒவ்வொரு மூடிய கேள்விக்குக் கீழேயும் "அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுக" என்று ஒரு வெற்று வரி விடுங்கள். ‘குடும்பத் தலைவர்’ என்ற கேள்விக்கு அது கட்டாயம் வேண்டும். உழைப்பவரா, முடிவெடுப்பவரா, வாக்காளர் இடாப்பில் முதலில் உள்ளவரா, கனடாவில் இருந்து காசு அனுப்பும் மகனா? யாரை நினைத்துப் பதில் சொன்னார் என்று அந்த வரிதான் காட்டும்.

நாலாவது படி: பழைய ஆவணத்தையும் சாட்சிபோல விசாரியுங்கள்

மாவட்டக் கச்சேரியில் இருந்தோ சுவடிக்கூடத்தில் இருந்தோ ஒரு ஆவணம் கையில் கிடைத்ததும் அதை உண்மையென்று அப்படியே மேற்கோள் காட்டுவது புதியவர்களின் பழக்கம். மூன்று கேள்வி கேளுங்கள்: யார் கேட்டது, யாரிடம் கேட்டது, யார் சரிபார்த்தது?

தேசவழமையை எடுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடிய தேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) பற்றிய வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். அவர் நீண்ட காலம் இங்கே வாழ்ந்தவர், ஊரை அறிந்தவர். தொகுப்பு தமிழாக்கப்பட்டு 12 முதலியார்களிடம் காட்டப்பட்டது. அவர்கள் சரியென்றார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். இன்றைக்கும் காணி உறுதி எழுதும்போது நொத்தாரிசு அதைப் பார்க்கிறார்.

இப்போது விசாரியுங்கள். கேட்டது ஆட்சி நடத்தவும் வழக்குத் தீர்க்கவும் வேண்டியிருந்த ஒல்லாந்தக் கொம்பனி. சரிபார்த்த 12 பேரும் காணி உள்ள, பதவி உள்ள ஆண்கள். அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் இருக்கின்றன. அந்த அடிமைகளிடம், இது உங்கள் வழமையா என்று யாரும் கேட்கவில்லை. சீதனம் கொண்டுபோன பெண்களிடமும் கேட்கவில்லை. இதனால் தேசவழமை பொய்யாகிவிடாது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்நிலையில் இருந்த ஆண்கள் எதை ஊர் வழமை என்று ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஊர் முழுவதும் எப்படி வாழ்ந்தது என்பதற்கு அதை ஒற்றைச் சாட்சியாக நிறுத்தினால்தான் பிழை.

எண்களுக்கும் இதே விசாரணை வேண்டும். யாழ்ப்பாணத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு 1981இல் நடந்தது. 1991இல் நாட்டில் எங்குமே நடக்கவில்லை. 2001இல் எடுத்தபோது யாழ்ப்பாணம் அதற்குள் வரவில்லை. அடுத்தது 2012இல்தான். இடையில் உள்ள 31 வருடங்களுக்கு நீங்கள் காணும் சனத்தொகை எண்களை யாரோ ஒரு தேவைக்காக, நிவாரணத்துக்கோ பங்கீட்டுக்கோ, கணித்திருப்பார்கள். எந்தத் தேவைக்கு என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.

ஐந்தாவது படி: படலையில் உங்களைத்தான் முதலில் ஆராய்வார்கள்

"பிள்ளை எந்த இடம்?" "அம்மாவின்ரை ஊர்?" "எந்தப் பள்ளிக்கூடம்?" மூன்று கேள்வியில் உங்கள் ஊர், சாதி, சமயம், வசதி எல்லாம் கணிக்கப்பட்டுவிடும். பிறகு வரும் பதில் அந்தக் கணிப்புக்குச் சொல்லப்படும் பதில். கணிக்கப்படாமல் தப்ப வழியில்லை, தப்ப முயலவும் வேண்டாம். ஒவ்வொரு நேர்காணல் குறிப்பின் தலைப்பிலும், என்னை யாரென்று நினைத்துக் கதைத்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். நிறுவனத்து ஆள் என்று நினைத்தால் இல்லாமை கூடும். விதானையார் கூட்டிக்கொண்டு போனால் குறை எல்லாம் குறைந்துவிடும். "இப்பிடித்தான் எத்தினை பேர் வந்து எழுதிக்கொண்டு போனவை" என்று ஒருவர் சொன்னால் அதையும் எழுதுங்கள். அது ஆய்வுக்கு இடைஞ்சல் அல்ல, ஆய்வின் தரவு.

சாதி பற்றிக் கேட்பவர்களுக்கு இது மிக முக்கியம். "இஞ்சை இப்ப அதெல்லாம் இல்லை" என்ற பதில் எங்கும் கிடைக்கும். யார் சொல்கிறார், எந்த ஒழுங்கையில் இருந்து சொல்கிறார் என்று பாருங்கள். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பதினொரு வருடம் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக உரிமை கேட்டு மக்கள் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. சட்டத்தில் இல்லாதது வாசலில் இருந்தது. அதனால் "சாதி பார்க்கிறீங்களா?" என்று கேட்காதீர்கள். திருவிழா உபயம் யார் யாருக்கு எந்த நாள், கோயில் கிணற்றில் யார் அள்ளுவது, செத்தவீட்டுக்கு வந்தவர்களில் யார் சாப்பிட்டுப் போனார்கள், யார் முற்றத்தோடு போனார்கள் என்று கேளுங்கள், நின்று பாருங்கள். இல்லை என்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. தடுக்கப்படாதவருக்குத் தடை கண்ணில் படுவதில்லை. தடுக்கப்பட்டவருக்கு அது ஒவ்வொரு நாளும் படுகிறது. இரண்டு பேச்சையும் சம அளவில் ஒட்டி, இரு தரப்புக் கருத்து என்று முடித்துவிடுவதை நான் நடுநிலை என்று ஏற்கமாட்டேன்.

ஆறாவது படி: கொப்பியை நடுவில் மடியுங்கள்

இடப் பக்கத்தில் கண்டதும் கேட்டதும், அவர் சொன்ன சொல்லிலேயே. ‘இஞ்சை’ என்றால் ‘இஞ்சை’தான், ‘இங்கு’ என்று திருத்த வேண்டாம். வலப் பக்கத்தில் நீங்கள் நினைத்தது. "அவர் சோகமாக இருந்தார்" என்பது வலப் பக்கத்து வசனம். "கேள்வி முடிந்ததும் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு கிணற்றடியைப் பார்த்தார்" என்பது இடப் பக்கத்து வசனம். இதைப் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

நான் இதைப் பட்டுத்தான் பழகினேன். முன்னே சொன்ன அதே படிவ வேலை. "இந்த வாழ்வாதார உதவித் திட்டம் உங்கள் குடும்பத்தின் வருமானத்தை மேம்படுத்தப் பயன்பட்டதா?" என்று நீட்டி வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஆச்சி "ஓம்... ஓம்..." என்றார். ‘ஆம்’ என்ற கட்டத்தில் சரி போட்டேன். எல்லாம் முடிந்து, தேத்தண்ணி குடித்து, சைக்கிளை எடுக்கும்போது, "தம்பி, அந்தக் கோழிக்கூடு தந்தவை. கோழி தரேல்லை" என்றார். கூடு வேலியோரம் இருந்தது. அதற்குள் விறகு அடுக்கியிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் ‘ஓம்’ எத்தனை வேலை செய்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நீட்டினால், கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ சொல்லு. வெட்டிச் சொன்னால், சம்மதம். ‘ஓமோம்’ என்று அடுக்கினால் அழுத்தமான உடன்பாடாகவும் இருக்கும், பேச்சை முடித்துவிடு என்பதாகவும் இருக்கும். வீடு தேடி வந்த பிள்ளையின் முகத்தை முறிக்கக் கூடாது என்பதற்கும் ஓர் ‘ஓம்’ உண்டு. அன்று நான் சம்மதம் என்று பதிந்தவற்றில் எத்தனை வெறும் மரியாதையோ.

இதைத்தான் மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1973இல், கில்பர்ட் றைல் என்ற மெய்யியலாளரின் உதாரணத்தை எடுத்து விளக்கினார். ஒரு பையனின் கண் தானாகத் துடிக்கிறது. இன்னொருவன் சாடையாகக் கண் அடிக்கிறான். படம் பிடித்தால் இரண்டும் ஒன்றே. ஒன்றில் பொருள் இல்லை, மற்றதில் இருவருக்கு மட்டும் விளங்கும் செய்தி இருக்கிறது. அந்த வித்தியாசத்தை எழுதாத விபரிப்பு மெலிந்த விபரிப்பு. ஆகவே ஒரு ‘ஓம்’ கிடைத்தால் அதோடு விடாதீர்கள். "எப்பிடிப் பயன்பட்டது, ஒண்டு சொல்லுங்கோ ஆச்சி" என்று கேளுங்கள். ஒரு நிகழ்ச்சி வந்தால் அது ஆம். வராவிட்டால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

ஏழாவது படி: பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை

பொருள்கோடலைப் புதுச் சரக்காக நினைத்துப் பயப்பட வேண்டாம். திருக்குறளுக்குப் பத்து உரை கண்ட மரபு நம்முடையது. நல்லூர் ஆறுமுக நாவலரும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏடுகளை ஒப்புநோக்கி உரைகளைப் பதிப்பித்த மண் இது. பள்ளிக்கூடத்தில் செய்யுளுக்கு உரை எழுதிய அதே ஒழுங்கில் நேர்காணலையும் எழுதலாம்.

ஓர் உதாரணம். ஒரு பெண் சொன்னார்: "லோன் எடுத்துத்தான் தம்பி சீட்டுக் கட்டுறனான்." பதவுரை: நிதி நிறுவனத்தில் எடுத்த கடன் காசில் அயலவரோடு பிடிக்கும் சீட்டின் மாதப் பணத்தைக் கட்டுகிறார். பொழிப்புரை: வட்டிக்கு வாங்கிச் சேமிக்கிறார். இதோடு நிறுத்தினால் இந்தப் பெண்ணுக்குக் கணக்குத் தெரியாது என்று முடிவு வரும். நிதி அறிவூட்டல் தேவை என்று பரிந்துரையும் வரும். அப்படி எழுதிய அறிக்கைகளை நான் வாசித்திருக்கிறேன்.

விளக்கவுரைக்கு அவருடைய வாழ்க்கை முழுவதும் வேண்டும். லோன் தவறினால் வருபவர் அந்நியர். சீட்டுத் தவறினால் போவது முகம். மகளின் சாமத்திய வீட்டுக்குக் கைகொடுப்பது சீட்டுக்காரர், இரவில் பிள்ளைக்கு வருத்தம் என்றால் ஓட்டோ பிடித்துத் தருவதும் அவர்கள். சீட்டை விட்டால் அந்த வளையத்திலிருந்தே வெளியே. அவர் அந்நியரிடம் வாங்கி அயலைக் காப்பாற்றுகிறார். துண்டை முழுமையில் வைத்துப் பார்த்தோம், முழுமை துண்டால் தெளிந்தது. நல்ல பொருள்கோடல் இப்படி முன்னும் பின்னும் போய் வரும்.

ஆனால் அழகான விளக்கம் என்பதால் உண்மையாகிவிடாது. நீங்கள் கேட்க வேண்டியது: இது சரியென்றால் வேறு எதைக் காண வேண்டும்? காசு முட்டுப்படும் மாதம் முதலில் தவறுவது லோனாகத்தான் இருக்க வேண்டும், சீட்டாக இருக்கக் கூடாது. புதிதாக வந்து குடியேறி, அயலோடு ஒட்டாதவர்கள் சீட்டைச் சுலபமாக விட வேண்டும். போய்ப் பாருங்கள். பொருந்தாவிட்டால் விளக்கத்தை மாற்றுங்கள், ஆட்களை அல்ல. பொருந்தாத ஒருவரையாவது வேண்டுமென்றே தேடிப் பிடியுங்கள்.

பிறகு அந்தப் பெண்ணிடமே சொல்லிப் பாருங்கள். ஆய்வாளரின் விளக்கம் அதில் வரும் மனிதருக்கும் விளங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சமூக மெய்யியலாளர் அல்ஃபிரட் ஷூட்ஸ் வலியுறுத்தினார். விளங்க வேண்டும் என்பது வேறு, ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது வேறு. சாதி இல்லை என்று சொன்னவர் உங்கள் விளக்கத்தை ஒத்துக்கொள்ளமாட்டார். எதைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று அவருக்கு விளங்கினால் போதும். அவருடைய மறுப்பையும் அவர் சொல்லிலேயே பதியுங்கள்.

எட்டாவது படி: உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் கொடுங்கள்

நண்பரிடம் கொடுத்தால் எழுத்துப்பிழை பார்ப்பார். உங்களுக்கு எதிர்க் கருத்துள்ள ஒருவரிடம் கொடுத்தால் ஆதாரம் எங்கே என்பார். கடற்றொழில் பற்றி எழுதினால், குருநகர் சம்மாட்டி ஒருவரும் அவரிடம் கூலிக்குப் போகும் ஒருவரும் வாசிக்க வேண்டும். அவர்கள் இருவரும் ஒரே இடத்தில் பேனையால் கோடு போட்டால் அந்த இடத்தைத் திரும்ப எழுதுங்கள்.

ஒன்பதாவது படி: நீங்கள் யார் என்பதை உரிய இடத்தில் எழுதுங்கள்

சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் குன்னார் மிர்டால், அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலை பற்றிய தனது பெரிய ஆய்வை 1944இல் வெளியிட்டபோது, தன் விழுமிய எடுகோள்களை வெளிப்படையாக எழுதிவைத்தார். நம்மவரான மானிடவியலாளர் எஸ். ஜே. தம்பையா, 1983 வன்செயல்களுக்குப் பிறகு இலங்கை பற்றி 1986இல் எழுதிய நூலை, விலகி நின்று எழுதிய கல்விசார் நூல் அல்ல, ஈடுபாட்டோடு எழுதிய அரசியல் எழுத்து என்று தானே அடையாளப்படுத்தினார். வாசகர் எந்த இடத்தில் நின்று வாசிப்பது என்று தெரிந்துகொண்டு, அவர் தந்த ஆதாரத்தை எடைபோட முடிந்தது.

இப்போது ஆய்வேடுகளில் இது ஒரு சடங்காகிவருவது எனக்குக் கவலை. "நான் ஒரு தமிழ்ப் பெண், நடுத்தர வர்க்கம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். அந்த வரியால் வாசகருக்கு என்ன பயன்? அது எங்கே வேலை செய்தது என்று எழுதுங்கள். "ஆண்கள் என்னோடு விறாந்தையில் மட்டுமே கதைத்தார்கள், குடி பற்றிய தரவு மனைவிமார் சொன்னது மட்டுமே." "என் தாயாரும் கடன் எடுத்தவர். இதைச் சொன்ன வீடுகளில் பேச்சு நீண்டது, சொல்லாத வீடுகளில் குறுகியது." இப்படி எழுதினால் உங்கள் நிலைப்பாடு தரவை எங்கே திறந்தது, எங்கே மூடியது என்று தெரியும்.

பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவார் என்றும் நினைக்காதீர்கள். "சந்திக்கடைக்குப் பின்னால் இருக்கும், மூன்று லோன் எடுத்த, கணவர் வராத அம்மா" என்றால் அந்த ஊரில் அது ஒருவர்தான். கடையை எடுத்துவிடுங்கள், லோன் எண்ணிக்கையை ‘சில’ ஆக்குங்கள், தேவைப்பட்டால் அந்தச் சம்பவத்தையே விட்டுவிடுங்கள். ஒரு நல்ல பந்தி போனால் போகட்டும். அவர் அந்த ஒழுங்கையில்தான் நாளைக்கும் தண்ணிக்குப் போகவேண்டும்.

ஆய்வேடு ஒப்படைத்த கிழமை, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள். ஒன்று வாசிகசாலைக்கோ மாதர் சங்கத்துக்கோ. மற்றதைக் கொண்டு, அதிகம் கதைத்த வீட்டுப் படலையைத் திறவுங்கள். கண் தெரியாது என்றால், அவர் சொன்னவை உள்ள பக்கங்களை வாசித்துக் காட்டுங்கள். கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள். வாசிக்கும்போது அவர் "ஓம்... ஓம்..." என்பார். அதற்குப் பிறகு என்ன சொல்கிறார் என்று கேட்க, தேத்தண்ணி ஆறும்வரையாவது அங்கே இருங்கள்.